குரல் உடைந்த இடம்

ஜூன் 9

இன்று அலுவலகத்தில் ஒரு மழையைத் தட்டச்சு செய்தேன்.

பழைய படகுப் பாட்டு ஒன்றில் பல்லவிக்கு முன்னால் சோவென்று மழை கொட்டும். அது மழையே இல்லையாம். அந்த வருடம் சென்னையில் மழை ஏமாற்றிவிட்டதால், ஸ்டுடியோ கேன்டீனிலிருந்து அடுப்பையும் வாணலியையும் தூக்கிவந்து மைக்குக்கு முன்னால் அப்பளம் பொரித்தார்களாம். இளங்கீரன் சார் நடந்துகொண்டே சொன்னார், நான் அடித்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். புடவைக்குக் குச்சம் கட்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"அப்பளமில்லடி, வடகம். அப்பளம் ஒரு சத்தத்தோட அடங்கிடும். வடகம்தான் விடாம பெய்யும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அதுல நான் கோரஸ். முடிஞ்சதும் பொண்ணுங்கல்லாம் உக்காந்து மழையைத் தின்னுட்டோம்."

இதைச் சாரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சொல்லமாட்டேன் என்றும் தெரியும்.

நோட்டின் முதல் பக்கம் என்பதால் கொஞ்சம் விவரம் எழுதிவைக்கிறேன். நான் பெர்சிஸ். வடபழனியில் இளங்கீரன் சார் நடத்தும் 'பாட்டின் மறுபக்கம்' என்ற யூடியூப் சேனலில் வேலை. பிரபலமான பாட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் கதைகளைச் சொல்லும் சேனல். கதையைச் சொல்வது நித்திலா அக்கா. சப்டைட்டில் அடிப்பதும் கெட்ட வார்த்தைக் கமெண்டுகளை அழிப்பதும் நான். யாரோடும் பேசவேண்டியதில்லை என்பதால் இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

பிளஸ் ஒன்னில் படிப்பை விட்டேன். அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதால் விட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்வது. ஆபரேஷன் மார்ச்சில் நடந்தது. நான் பள்ளிக்கூடம் போகாமல் நின்றது ஜனவரியில். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு வாய் வராது. அது இங்கே எதற்கு.

ஜூன் 10

காலையில் புடவைக் கடையிலிருந்து போன். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் குரல் வெறும் காற்றாகிவிட்டது. பக்கத்தில் இருந்தால் கேட்கும், போனில் கேட்காது. அதனால் போனை நான் பிடித்துக்கொள்வேன். அம்மா என் இன்னொரு காதில் சொல்வாள், நான் அதைப் போனில் சொல்வேன். சில சமயம் அம்மா என்னைவிட வேகமாகச் சொல்லிவிட்டு, "அதைச் சொல்லுடி, அதைச் சொல்லு" என்று முழங்கையால் இடிப்பாள்.

உலகத்தில் எனக்குப் பிடிக்காத சத்தம் போன் மணிதான்.

ஜூன் 13

மழை. கொடியில் போட்ட துணியெல்லாம் மறுபடி நனைந்துவிட்டது.

ஜூன் 17

இன்று மீட்டிங். அடுத்த வாரம் 'ஈரத்துணி காயுமுன்னே' பாட்டுக்கு இருபது வருடம் ஆகிறது. பெரிய எபிசோடாகப் போடவேண்டும் என்றார் சார்.

இந்தப் பாட்டு தெரியாதவர்கள் யாரும் இல்லை. போனவன் திரும்பி வராத ஒரு பெண் பாடுவது. "ஈரத்துணி காயுமுன்னே வந்துடுறேன்னு போனவரே." முதல் தடவை அந்த வரி சாதாரணமாக வரும். கடைசியில் மறுபடி வரும்போது, 'வந்துடு' என்றதும் குரல் உடைந்து நின்று, ஒரு மூச்சு விம்மி, பிறகுதான் 'றேன்னு' வரும். அந்த ஒரு விம்மலுக்காகவே பாடகி கமலினிக்கு விருது கொடுத்தார்கள் என்பார்கள். பாட்டுப் போட்டிகளில் சின்னப் பிள்ளைகள்கூட அந்த இடத்தில் சரியாக விம்முகிறார்கள்.

"அந்த விம்மல் எப்படி வந்துச்சு? அதான் எபிசோடு" என்றார் சார்.

நித்திலா அக்கா சொன்னாள்: "சார், அன்னைக்கு அவங்க குரு இறந்துபோன செய்தி வந்துச்சுன்னு ஒரு பேட்டியில சொல்லியிருக்காங்க. இன்னொரு பேட்டியில நாய்க்குட்டி செத்துடுச்சுன்னு சொல்லியிருக்காங்க."

"குருவையே வச்சுக்கோ. நாய் வேணாம்."

நான் மூலையில் உட்கார்ந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு ஒன்று தெரியும்.

சினிமாவில் பெரிய பாடகி வருவதற்கு முன்னால், அதே பாட்டை இன்னொருத்தர் பாடி வைப்பார். ட்ராக் பாடுவது என்று பெயர். பெரிய பாடகி வந்து, அதை ஹெட்போனில் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடுவார். பிறகு ட்ராக் பாடியவர் குரலை அழித்துவிடுவார்கள். அந்தப் பாட்டுக்கு ட்ராக் பாடியது சலோமி. என் அம்மா.

ஜூன் 18

அம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பாட்டுல நீ பாடினப்பவே அந்த விம்மல் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீயா பாடினியா, மியூசிக் டைரக்டர் சொன்னாரா?"

"நானும் இல்ல, அவரும் இல்ல. அங்க பிசகிடுச்சு. ட்ராக்தானே, விடும்மா, கமலினி வந்து சரியாப் பாடிடுவாங்கன்னு விட்டுட்டாரு. அந்தம்மா ஏர்போர்ட்லேருந்து வந்து, திரும்ப ஏர்போர்ட்டுக்கு ஓடணும். ஹெட்போன்ல என்ன கேட்டுச்சோ அதை அப்படியே பாடிட்டாங்க. டியூன்லயே அப்படித்தான்னு நினைச்சுட்டாங்க."

"ஏன் பிசகிச்சு?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தூசி. தொண்டையில தூசி."

அது தூசி இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் அம்மா எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாள். கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல் எனக்கு முதுகைக் காட்டி நிற்பாள். தோள் குலுங்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

அப்பா எட்வின் தபேலா வாசிப்பவர். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது திருச்சியில் ஒரு கச்சேரி என்று போனார். இப்போது அவருக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு அம்மாவின் போனுக்கு ஒரு வாழ்த்து வரும். நான் பார்க்கமாட்டேன்.

ஜூன் 24

எபிசோடு வந்தது. குரு இறந்த கதை. நித்திலா அக்கா சொல்லும்போதே கண் கலங்கினாள். நன்றாகச் செய்கிறாள்.

கமெண்டுகள் கொட்டின. "கமலினி அம்மா தெய்வம்." "இந்த விம்மலை உலகத்தில் வேறு யாராலும் பாட முடியாது." படித்துக்கொண்டே வந்தேன். வேறு யாராலும் முடியாது என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

நானும் ஒரு கமெண்ட் போட்டேன்.

"இந்தப் பாட்டை முதலில் பாடியவர் ட்ராக் பாடகி சலோமி எட்வின். அந்த விம்மல் அவருடையது. தபேலா வாசிக்கும் கணவர் அவரைக் கைவிட்டுப் போயிருந்த நாளில் பாடினார். அந்த அழுகை உண்மை. கமலினி பாடியது அதன் நகல்."

தூசி என்று எழுதினால் யார் படிப்பார்கள்? கொஞ்சம் மாற்றி எழுதினேன். எங்கள் சேனலில் எல்லாரும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறோம்.

ஜூன் 25

என் பெயரில் போட்டதாகத்தான் நினைத்தேன். கமெண்ட் அழிப்பதற்காகச் சேனல் கணக்கில் இருந்ததை மறந்துவிட்டேன். சேனலே சொன்னதுபோல் அது மேலே உட்கார்ந்திருந்தது. நான் போவதற்குள் ஆயிரக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள். யார் யாரோ அதைப் படம்பிடித்து வேறு இடங்களில் போட்டுவிட்டார்கள்.

சார் கூப்பிட்டார்.

"இதை எங்கம்மா பிடிச்சே?"

"எங்கம்மா சார்."

"என்ன எங்கம்மா?"

"சலோமி. எங்கம்மா."

சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அட, ஆறு மாசமா இங்கதானே உக்காந்திருக்கே! வாயைத் திறக்கமாட்டியா?" என்று சிரித்தார். நான் எழுதியது உண்மையா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 26

திருச்சியில் அப்பா வாசிக்கும் இசைக்குழுவின் பக்கத்தை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே போய் எழுதுகிறார்கள். "பெண்டாட்டியை அழவிட்டவன் தட்டுற தபேலா எங்களுக்கு வேண்டாம்."

எனக்கு முதலில் நன்றாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 28

அம்மா பார்த்துவிட்டாள். சர்ச்சில் பாடும் லில்லி ஆன்ட்டி போனைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது குச்சம் கட்டும் சட்டத்தில் புடவை பாதியில் நின்றிருந்தது.

"இதை யாரு எழுதினது பெர்சி?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸ்ல யாரு?"

"தெரியலம்மா."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் அரிசி களைந்தாள். ரசம் வைத்தாள். ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை, அப்படியே சாப்பிட்டேன்.

ஜூலை 3

போன் வந்தது. அம்மாவின் போனில் 'எட்வின்' என்று காட்டியது. வட்டத்துக்குள் ஒரு தபேலாப் படம்.

அம்மா எடுத்து என் கையில் கொடுத்தாள். வாங்கமாட்டேன் என்று தலையாட்டினேன். "பிடிடி" என்றாள். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"சலோ?"

அவர் குரல் இவ்வளவு மெல்லியது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

"அம்மா பக்கத்துல இருக்காங்க" என்றேன். "குரல் வராது. நான்தான் சொல்லணும்."

"பாப்பாவா?" பின்னால் ஏதோ வண்டி போகும் சத்தம். "சரிம்மா. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். நான் போனது தப்பு. எங்க வேணா எழுதட்டும், யார் வேணா எழுதட்டும். ஆனா அன்னைக்கு... அந்த ரெக்கார்டிங் அன்னைக்கு, சலோ சிரிக்கலையா? அழுதாளா? அவ சிரிச்சான்னுதான் இத்தனை வருஷமா நான் நினைச்சிட்டிருந்தேன். அதைக் கேட்டுச் சொல்லு."

அம்மா என் காதில் சொன்னாள். "சிரிச்சேன்னு சொல்லு."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

"சிரிச்சேன்னு சொல்லுடி."

அது ஒரே ஒரு சொல்தான். வகுப்பில் எழுந்து நிற்கும்போது வருமே, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு, எல்லாரும் காத்திருக்கும் அந்த அமைதி, அதுவே வந்துவிட்டது. அம்மா முழங்கையால் இடித்தாள். எனக்கு வாய் திறக்கவில்லை.

"புரியுது பாப்பா" என்றார் அவர்.

அம்மா போனைப் பிடுங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சிரிச்சேங்க, சிரிச்சேன்" என்றாள். காற்றாகத்தான் வந்தது. திக்கித்திக்கி மூச்சு விடுவதுபோல. அந்தப் பக்கம் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அழாத சலோ" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

ஜூலை 4

அம்மா நேற்றே 'சிரித்தேன்' என்று மெசேஜ் அனுப்பினாள். இன்று பதில் வந்தது.

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றே. நீ எப்பவும் அப்படித்தான். போதும் சலோ."

ஜூலை 5

அம்மா இன்று சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

அன்றைக்கு நல்ல மழையாம். இரண்டு பேரும் சைக்கிளில் நனைந்துகொண்டு ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார்கள். கல்யாணமான புதிது. அப்பாவின் தபேலாப் பகுதியைக் காலையிலேயே பதிவு செய்துவிட்டார்கள். பிறகு அம்மா கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ட்ராக் பாடியிருக்கிறாள். வெளியே அப்பா பனியனோடு நின்று, சட்டையைக் காயப்போட இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"முதல் தடவை 'ஈரத்துணி'ன்னு பாடினப்போ ஒண்ணும் பண்ணல. கடைசியில திரும்ப அந்த வரி வருது. இந்த மனுசன் கண்ணாடிக்கு முன்னாடி வந்து நின்னு, சட்டையைத் தூக்கிக் காட்டி, ஒரு பிழி பிழிஞ்சாரு பாரு. சொட்டச் சொட்டத் தண்ணி. அது பூரா ஆர்கெஸ்ட்ரா கண்டக்டரோட செருப்பு மேல. அவரு வேஷ்டியைத் தூக்கிட்டுக் குதிக்கிறாரு. எனக்கு எப்படிடீ பாட்டு வரும்?"

சொல்லும்போதே அம்மாவின் தோள் குலுங்கியது. சத்தம் இல்லை. கண்ணில் தண்ணீர். பால்கனியில் முதுகைக் காட்டி நிற்பாளே, அதே குலுங்கல். எனக்கு அந்த முதுகு மட்டும்தான் தெரிந்திருந்தது, இத்தனை வருடமும்.

"படம் வந்தப்போ நாங்க பஸ்ல போயிட்டிருந்தோம். டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டாரு. அந்த இடம் வந்துச்சு. பஸ்ஸே உச் கொட்டுது. நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பில கண்டக்டர் எறக்கிவிட்டுட்டாரு."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"உனக்கு அவருன்னாலே கோவம். அதுல கொண்டுபோய் இதைப் போட்டா இதுவும் கெட்டுப்போயிடும்னு நினைச்சேன்." நூலை எடுத்து ஊசியில் கோத்தாள். "அவரு போனது போனதுதான். அதுக்காக அன்னைக்குச் சிரிச்சது இல்லேன்னு ஆயிடுமா?"

பிறகு, "நீதான் எழுதினேன்னு அன்னைக்கே தெரியும். சலோமி எட்வின்னு என் பேரை இப்ப வேற யாரு எழுதுவா?" என்றாள்.

நான் அழுதேன். அம்மா என்னைச் சமாதானம் செய்யவில்லை. ஊசியில் நூல் கோக்கவே நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 7

அம்மாவைப் பேட்டி எடுக்கச் சார் பத்து நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வீட்டில் சொல்லவே இல்லை. இன்று அம்மாவே, "உங்க சார் என்னைக் கூப்பிட்டாரா?" என்றாள்.

"ஆமா."

"வரேன்னு சொல்லு. எழுதினா உங்கப்பா நம்பமாட்டேங்கறாரு. போன்லயும் கேக்கல. நான் சிரிக்கிறதைப் பாத்தா நம்புவாருல்ல?"

ஜூலை 10

ஷூட்டிங். அம்மா நீலப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அவளே குச்சம் கட்டியது. லைட் போட்டதும் அம்மாவின் முகம் எனக்குத் தெரியாத ஒருத்தியின் முகம்போல அழகாக இருந்தது.

புடவையில் மைக் குத்தினார்கள். நித்திலா அக்கா கேட்டாள், அம்மா சொன்னாள். சைக்கிள், மழை, கண்ணாடி, சட்டை, செருப்பு. கேமரா பிடித்தவர்கூடச் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கக் குலுங்க.

கட் சொன்னதும் சார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"நல்லா சொன்னீங்கம்மா. ஆனா ஜனங்க இருபது வருஷமா அந்த இடத்துக்கு அழுதிருக்காங்க. இப்ப போய் அது ஈரச் சட்டைன்னா..."

"அதாங்க நடந்துச்சு" என்றாள் அம்மா.

"சரி சரி. அந்த ஒரு வரியை மட்டும் பாடிக் காட்டுங்களேன்."

அம்மா முயன்றாள். காற்று மட்டும் வந்தது. எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பி, "இவ பாடுவா. என் குரலேதான். வீட்டுல பாத்திரம் தேய்க்கிறப்போ பாடுவா" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பாடவில்லை. குடிக்கத் தண்ணீர் எடுத்துவருவதுபோல் வெளியே போய், ஷூட்டிங் முடியும்வரை படிக்கட்டில் நின்றேன்.

ஜூலை 14

சப்டைட்டில் அடிக்க அம்மாவின் எபிசோடு என்னிடம் வந்தது. அம்மாவின் குரல் கேட்காது என்பதால் முழுக்க சப்டைட்டில் வேண்டும்.

சைக்கிள் இருந்தது. மழை இருந்தது. சட்டை இல்லை. கண்ணாடி இல்லை. "அன்னைக்கு அவரு" என்று அம்மா சொல்வதோடு வெட்டி, அடுத்து அம்மா வாயைப் பொத்திக் குலுங்குவதை ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே வயலின். அந்தச் சிரிப்பு, சத்தமில்லாததால், வயலினோடு சேர்ந்து நன்றாக அழுதது.

சார் என் பின்னால் நின்று சொன்னார். "இந்த இடத்துல போடு. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்காத கண்ணீர்."

"சார்" என்றேன்.

"என்னம்மா?"

நித்திலா அக்கா தன் மேஜையிலிருந்து பார்த்தாள். என் பக்கத்தில் வந்து, "உங்கம்மா சொன்னது வேற இல்ல? சொல்லு பெர்சி, நான் கூட நிக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னாள். நிஜமாகவே நின்றாள். என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

அடித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

ஜூலை 18

எபிசோடு வந்துவிட்டது. அம்மா என் போனில் முழுவதும் பார்த்தாள். முடிந்ததும், "புடவை நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

பிறகு பால்கனிக்குப் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்குகிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஜூலை 19

சப்டைட்டிலை நான்தான் அடித்தேன் என்று சொன்னேன். "தெரியும்டி, உன் வேலை அதுதானே" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து அம்மா துணி துவைத்தாள். நான் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். அப்பாவுக்கு அந்த வரியைப் பாடி அனுப்பப்போகிறேன் என்று சொன்னேன். அம்மாவின் குரல்தானே எனக்கு. எங்கே, எப்படி உடைந்தது என்று அவர் காதுக்குத் தெரியும். கேட்டால் நம்புவார்.

"நீயா?" என்றாள் அம்மா. "பாடு, பாடு" என்று பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள், எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று.

பாடினேன். 'வந்துடு' வரைக்கும் வந்தது. அங்கே சிரிக்கவேண்டும். சிரிப்பதாக நினைத்துத்தான் மூச்சு விட்டேன். அழுகை வந்துவிட்டது. அழித்தேன். மறுபடி பாடினேன். மறுபடியும் அழுகை. கமலினியைவிட நன்றாக விம்மினேன்.

தலை நிமிர்ந்தபோது, பால்கனிக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ. கையைச் சுற்றி, பாடு என்று சைகை காட்டினாள்.

பாடினேன். 'ஈரத்துணி' என்றதும் அம்மா வாளியிலிருந்து என் சுடிதாரை எடுத்தாள். 'காயுமுன்னே.' தலைக்கு மேலே தூக்கினாள். 'வந்துடு' என்றபோது அம்மா அதைத் தன் தலை மேலேயே பிழிந்துகொண்டாள். தண்ணீர் மூக்கு நுனியில் ஓடி வாய்க்குள் போக, ஒன்றுமே நடக்காததுபோல் பெரிய சங்கீத வித்வான் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே 'றேன்னு' என்று எப்படியோ முடித்தேன். விரல் எடுத்ததும் மெசேஜ் போய்விட்டது.

அம்மா நனைந்தபடி உள்ளே வந்து என் தோள் வழியாகப் போனைப் பார்த்தாள்.

ஒரு டிக் விழுந்தது.

ஜூலை 21

ஒரு டிக்தான்.

ஜூலை 23

ஒரு டிக். தபேலாப் படம் இருந்த வட்டத்தில் இப்போது வெறும் சாம்பல் நிற உருவம். எபிசோடு வந்த அன்றைக்கே படம் போயிருக்கவேண்டும். ஞாயிறன்று நான் கவனிக்கவில்லை.

நித்திலா அக்காவிடம் ஆபீஸில் கேட்டேன், படம் போய்விட்டால் என்ன அர்த்தம் என்று. யார் என்று அவள் கேட்கவில்லை. "பிளாக் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்டா" என்றாள்.

என் போனிலிருந்து அவர் எண்ணுக்குக் கூப்பிட்டேன். நானாகப் போன் செய்தது இதுதான் முதல் தடவை. ஒரு சின்னப் பெண் எடுத்தாள், பத்து வயதுதான் இருக்கும். "அப்பா இப்ப யாருகூடவும் பேசறதில்லைங்க" என்றாள். "நீங்களும் அந்த வீடியோவைப் பாத்துட்டுத் திட்டத்தானே கூப்பிட்டீங்க?"

"இல்ல" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தேடுவதற்குள் வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன். போகவில்லை.

ஜூலை 26

சேனலில் அந்தப் பாட்டுக்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: "அது அழுகையா, இருமலா?" இந்தத் தடவை சேனல் கணக்கிலிருந்து வெளியே வந்து, என் பெயரில் எழுதினேன். "சிரிப்பு."

கீழே ஒருவர் பதில் போட்டிருந்தார். "தெரியாமல் உளறாதீர்கள். அந்த அம்மா அழுததை இவர்களே காட்டியிருக்கிறார்கள்."

ஜூலை 29

அம்மாவிடம் பிளாக் பற்றிச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் போன், அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

சாயங்காலம் நான் வரும்போது குச்சம் கட்டிக்கொண்டே நான் பாடியதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் பால்கனிக்குப் போவதில்லை. இங்கேயே, என் எதிரிலேயே உட்கார்ந்து கேட்கிறாள். 'காயுமுன்னே' வரும்போதே தயாராகிவிடுகிறாள். குரல் உடையும் இடம் வந்ததும் நூலைக் கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறாள். முடிந்ததும் மறுபடி போடுகிறாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அம்மாவோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தேன்.

அன்றைக்கு நான் சிரித்தேன், அது எனக்குத் தெரியும். ஆனால் கேட்கும்போது எனக்கு மட்டும் அந்த இடம் வேறு மாதிரி கேட்கிறது.